ஏபிஎஸ் விளக்கும் ஒரு பெயர் மாற்றமும்

1

என் கணவர் குணசேகரன் இறந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம். கிள்ளான் வீட்டில் படையல் போட்டோம். மகள் திவ்யா சுபாங் ஜெயாவிலிருந்து வந்து, சாப்பிட்டு, மத்தியானமே கிளம்பிவிட்டாள். கரூரில் இருக்கும் என் தங்கை போனில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் அவரைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டிய காலம், அவருடைய முன்கோபம், சீட்டாட்டத்தில் தோற்றால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வது.

எனக்கு ஞாபகம் வந்தது நாலு பேர் முன்னால் சொல்லும்படியான விஷயம் இல்லை. எங்கள் பழைய காரில் எரிந்துகொண்டிருந்த ஒரு மஞ்சள் விளக்குதான் நினைவில் நின்றது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் சம்பாதித்தார், நான் சமைத்தேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்தது அந்த விளக்குக்காகத்தான்.

ஊரில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான் கரூர்க்காரி. கல்யாணமாகி இந்த மலாய் நாட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் இங்கேயே பிறந்தவர், இந்நாட்டுக் குடிமகன். நான் இன்றுவரை இந்தியப் பாஸ்போர்ட்தான். குடிமகனின் மனைவி என்பதற்காக ஓர் அனுமதி தருவார்கள். அதைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அவர் என் பக்கத்தில் நிற்க வேண்டும். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் வருவதால், வரிசையில் என்னை ‘புவான் சுப்பிரமணியம்’ என்றுதான் கூப்பிடுவார்கள், திருமதி சுப்பிரமணியம். முதல் தடவை நான் எழுந்திருக்கவே இல்லை. பிறகு பழகிவிட்டது. அப்பா ஒரு நாளும் கடல் தாண்டியதில்லை. ஆனால் இந்த நாட்டு அலுவலகங்களில் அவர் பெயர்தான் மைக்கில் ஒலித்தது.

2

சர்க்கரை நோய் முதலில் அவருடைய கண்களை எடுத்தது, பிறகு சிறுநீரகத்தை. கண் மங்கியதும் லோரிச் சாவியைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு வந்து இரண்டு நாள் படுத்தே கிடந்தார். அதற்குப் பிறகுதான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கரூரில் நான் ஒரு மொபெட்டைக்கூடத் தள்ளியதில்லை. இங்கே நாற்பது வயதுக்கு மேல், மலாய் மொழியில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன்.

இரத்தச் சுத்திகரிப்புக்கு கிள்ளானில் இடம் கிடைக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஓர் அறநிலையம் நடத்தும் மையத்தில்தான் கிடைத்தது. வாரத்துக்கு மூன்று நாள் விடியலில் கிளம்பி, லோரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் போய், அவரை இறக்கிவிட்டுக் காத்திருந்து, கூட்டி வருவேன். பஸ்ஸில் கூட்டிப் போகலாம் என்று ஒரு தடவை முயன்றோம். திரும்பும்போது தலை சுற்றி நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கார் இல்லாவிட்டால் சிகிச்சை இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

அப்படி ஒரு நாள் போகும் வழியில்தான் அந்த விளக்கு எரிந்தது. மஞ்சள் வட்டத்துக்குள் ஏபிஎஸ் என்று மூன்று எழுத்து. வண்டியைக் கிளப்பும்போது எரிந்து அணைகிற விளக்குதான். அன்று அணையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னேன். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

“அப்ப பிரேக் இருக்கு. மெதுவா போ. மழையில மட்டும் சட்டுனு மிதிக்காத.”

திடீரென்று பிரேக் மிதித்தால் சக்கரம் இறுகிப்போய்க் கார் வழுக்காமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு அது. ஒவ்வொரு சக்கரத்திலும் அது சுற்றும் வேகத்தைச் சொல்ல ஒரு சென்சார் உண்டு. ஒன்று பேசாமல் போனாலும் மொத்த ஏற்பாடும் தன்னை அணைத்துக்கொண்டு விளக்கை ஏற்றிவிடும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் காட்டினேன். அங்கிருந்தவர் மூடியைத் திறந்து பார்த்து, ஏபிஎஸ் பம்ப் போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகைக்கு எங்கள் காரையே விற்றாலும் கொஞ்சம் குறையும். வீட்டுக்கு வந்து சொன்னபோது குணசேகரன் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

“ஸ்கேன் போட்டானா? ஒயர் பார்த்தானா? ஒண்ணுமே பார்க்காம பம்ப்னு சொல்றான் லா. நாமளே பார்ப்போம்.”

யார் பார்ப்பது என்று கேட்டேன். நீதான் என்றார்.

3

திவ்யா ஓர் இணைய வணிகக் கம்பெனியில் வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் வேலை பார்க்கிறாள். வேலைக்குப் பக்கத்திலேயே தோழிகளோடு தங்கியிருக்கிறாள். எங்களுக்கும் அவளுக்கும் நடுவே அரை மணி நேரப் பயணம்தான். ஆனால் அவள் வருவது மாதத்துக்கு ஒரு தடவை. என்னோடு தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அவளை மலாய்ப் பள்ளியில் சேர்த்தது இவர் முடிவு. பிற்காலத்தில் நல்லது என்றார். நல்லதாகத்தான் முடிந்தது, அவளுக்கு வேலை கிடைத்தது. நான் எழுதுகிற இதை அவள் படிக்க மாட்டாள்.

விளக்கு விஷயத்தைச் சொன்னதும், பழைய காரைத் தலைமுழுகிவிடச் சொன்னாள். அப்பாவை வாடகைக் காரில் கூட்டிப் போகலாமே என்றாள். வாரத்துக்கு மூன்று நாள், போக வர என்று நான் சொன்னதும் அந்த யோசனையை விட்டுவிட்டாள். ஆனாலும் இரண்டொரு நாளில் அவள் ஆர்டர் செய்த ஸ்கேனர் ஒன்று வந்தது. தீப்பெட்டி அளவு. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகிப் போனில் பார்க்க வேண்டும்.

சொருகினேன். எல்லாம் சரியாக இருக்கிறது, கோளாறு எதுவும் இல்லை என்று காட்டியது. விளக்கோ என் கண் முன்னால் எரிந்துகொண்டிருந்தது. திவ்யாவைக் கூப்பிட்டேன். அவள் தேடிப் பார்த்துவிட்டு, மலிவான கருவி இன்ஜினை மட்டும்தான் படிக்கும், ஏபிஎஸ்ஸைப் படிக்காது போலிருக்கிறது என்றாள். குரலில் சங்கடம் தெரிந்தது. அவள் எங்களுக்காக ஒன்று செய்ய நினைத்தாள், அது உதவவில்லை. நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் அவளுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது.

4

பிறகு எங்கள் வேலை கார் நிறுத்தும் முற்றத்தில் நடந்தது. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். நான் தரையில். பிரேக் எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்றார். இருந்தது. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். உள்ளே கம்பி அறுபடவில்லை. இனி சென்சார்களைப் பார்ப்போம் என்றார்.

அவருடைய பழைய கருவிப் பெட்டியில் ஒரு மல்டிமீட்டர் இருந்தது. சாவியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சென்சாரின் இணைப்பையும் கழற்றி, இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து அளக்க வேண்டும். எண் என்ன என்பதைவிட, நான்கும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்றார். பின்சக்கரங்களுக்கான இணைப்பு பின் இருக்கைக்கு அடியில் இருந்தது. இருக்கையைத் தூக்கினால் பழைய வெள்ளத்தில் புகுந்த சேறு காய்ந்து மாவாகக் கிடந்தது. கோளாறு அங்கேதான் என்று அடித்துச் சொன்னார். அளந்தேன். இரண்டும் ஒரே அளவு. அவர் சொன்னது தவறாகிப்போனதில் அவருக்குக் கோபம். மீட்டரைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று என்னைத் திட்டினார். மறுபடி அளந்தேன். அதே அளவுதான்.

வெயில் ஏறிவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். வேண்டாம், இன்றைக்கே முடி என்றார். எதற்கு இந்த அவசரம், மெதுவாகத்தானே ஓட்டுகிறேன் என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பினார். கண் தெரியாதவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அவர் வாசல் கேட்டுக்கு வெளியே பார்ப்பதுபோல் இருந்தது.

“காரை உன் பேருக்கு மாத்தணும் மீனா. அதுக்கு இன்ஸ்பெக்‌ஷன் போகணும். விளக்கு எரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க.”

எதற்கு இப்போது என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“வீடு அண்ணன் பேர்ல. பேங்க் என் பேர்ல. நீ இந்த நாட்டுல இருக்கிறதே என் பேர்ல. உன் பேர்ல ஒண்ணாவது இருக்கணும். நான் இருக்கும்போதே கைரேகை வச்சிடறேன். அப்புறம்னா நீ ஆபீஸ் ஆபீஸா அலையணும்.”

மீட்டரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். அரிசி களைய வேண்டும் என்று சொல்லி உள்ளே போனேன். அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் அந்தப் பெட்டியை நான் தொடவில்லை. அவர் கேட்கும்போதெல்லாம் ஒரு வேலை சொன்னேன். துணி காய்கிறது, கோயிலுக்குப் போகிறேன், இடுப்பு வலிக்கிறது. விளக்கு எரிகிற வரைக்கும் அவர் எங்கும் போக மாட்டார் என்று என் மனம் எப்படியோ ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது. சின்னப் பிள்ளைத்தனம்தான். ஆனால் காலையில் வண்டியைக் கிளப்பி, அந்த மஞ்சள் விளக்கு அணையாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

5

அந்த நிம்மதி ஒரு மழை நாளில் முடிந்தது. மையத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சிகிச்சை முடிந்து வரும்போது அவர் கசக்கிப் பிழிந்த துணிபோல் இருப்பார், இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். ஷா ஆலாம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. துடைப்பான் வேகமாக அடித்தும் முன்னால் சிவப்பு விளக்குகள் மட்டும்தான் தெரிந்தன. எனக்கு முன்னால் போன லோரி சட்டென்று நின்றது. மிதித்தேன்.

சக்கரங்கள் நின்றுவிட்டன, கார் நிற்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், கார் திரும்பாமல் நேராக வழுக்கிக்கொண்டு போகிறது. லோரியின் பின் கதவில் எழுதியிருந்ததெல்லாம் பெரிதாகி வந்தது.

“விடு. விட்டு மிதி. விட்டு விட்டு மிதி.”

அவர் குரல் உயரவே இல்லை. காலை எடுத்தேன், மிதித்தேன், எடுத்தேன், மிதித்தேன். கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சாலையோரத்தில் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனார்கள். அவர் கையை நீட்டி, தேடி, என் முழங்காலைப் பிடித்து அழுத்தினார். வீடு வரும்வரை விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சிகிச்சைக்காக அவரைத் தூக்கிக்கொண்டு அலைகிற நானே அவரை லோரிக்கு அடியில் கொண்டுபோய்ச் செருகியிருப்பேன் என்ற நினைப்பு அன்றைக்கு முழுதும் என்னை விடவில்லை.

6

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டில் ஜாக்கும் ஸ்டாண்டும் இரவல் வாங்கினேன். அவர் நாற்காலியைத் தானே தடவித் தடவி முற்றத்துக்கு இழுத்து வந்தார். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தாயா, கைபிரேக் போட்டாயா என்று கேட்டுக்கொண்டார்.

முன்பக்கம் இடது சக்கரம், பின்சக்கரங்களைப் போலவே கணிசமான ஓர் அளவைக் காட்டியது. வலதில் மீட்டரின் எண் அசையவே இல்லை. எங்கோ அறுந்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றிச் சென்சாரின் ஒயரைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். மேல்தோல் முழுசாக இருந்தது. என்னிடம் கொண்டுவா என்றார். அவருக்கு எட்டும்படி நாற்காலியை நெருக்கிப் போட்டு ஒயரை அவர் கையில் கொடுத்தேன். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெடுகத் தடவினார். திரும்பவும் தடவினார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“விரல் மரத்துப்போச்சு. எனக்கு ஒண்ணும் தெரியல. நீயே பாரு.”

கல்யாணத்துக்கு முன்னால் நான் கரூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். படுக்கை விரிப்புகளைக் கண்ணாடி மேசைமேல் போட்டு, கீழே விளக்கு எரிய, கையை ஓட்டிக்கொண்டே போவோம். இழை விட்டுப்போன இடத்தில், கண் பார்ப்பதற்கு முன்பே விரல் நின்றுவிடும். அங்கே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி அனுப்ப வேண்டும். அந்தக் காலத்தில் ராத்திரி கனவில்கூடத் துணி ஓடும். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அந்த வேலையைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை, பேச ஒரு சந்தர்ப்பமும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒயரை இரண்டு விரலுக்கு நடுவே ஓட்டினேன். சக்கரம் திரும்பும்போது ஒயர் வளைகிற பிடிப்புக்குப் பக்கத்தில் ஓரிடம் மெத்தென்று இருந்தது. உள்ளே கம்பி இல்லை, வெறும் ரப்பர்.

சொன்னேன். மீட்டரை வைத்துக்கொண்டே அந்த இடத்தை ஆட்டிப் பார்க்கச் சொன்னார். ஆட்டியபோது எண் வந்தது, விட்டதும் போனது. பம்ப் இல்லை, ஒன்றுமில்லை, ஒரு முழ ஒயர்.

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்களின் பாகங்கள் விற்கும் கடைகள் கிள்ளானில் உண்டு. கழற்றிய சென்சாரை ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் அதே மாதிரி ஒன்று கேட்டேன். கையோடு கொண்டுபோயிருந்த மீட்டரில் அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரச் சீனர் என்னையும் மீட்டரையும் பார்த்துவிட்டுப் பேரம் பேசாமல் கொடுத்தார்.

வாங்கியதைப் பொருத்தியும் விளக்கு அணையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தால்தான் அணையும், அவசரப்படாதே என்றார். அவரை உட்காரவைத்துக்கொண்டு எங்கள் குடியிருப்புத் தாமானைச் சுற்றினேன். கோயில் திருப்பம் தாண்டி வண்டி வேகம் எடுத்ததும் விளக்கு போய்விட்டது. நான் சொல்லவில்லை. அடுத்த திருப்பமும் வந்தது. இன்னும் எரிகிறதா என்று அவரே கேட்டார். அணைந்துவிட்டது என்றேன். சரி, இன்ஸ்பெக்‌ஷனுக்கு நாள் வாங்கு என்றார். வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

7

பரிசோதனையில் கார் தேறியது. சாலைப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அவரைச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனேன். வெளிநாட்டுக்காரி பெயரில் என்பதால் கூடுதலாகத் தாள்கள் கேட்டார்கள். பாஸ்போர்ட், அனுமதி, திருமணச் சான்று, எல்லாவற்றுக்கும் நகல். நகல் எடுக்க மாடியிறங்கி மாடியேறினேன். என் மலாய் பாசாரில் காய்கறி வாங்கப் போதும், அலுவலகத்துக்குப் போதாது. ‘பெயர் மாற்ற வேண்டும்’ என்று நான் சொன்னதை, என் பெயரையே மாற்றுவதாக எடுத்துக்கொண்டு ஒருவர் வேறு கட்டடத்துக்கு வழி சொன்னார். குணசேகரன் நாற்காலியிலிருந்தே நல்ல மலாயில் விளக்கினார்.

கைரேகைக் கருவியில் அவர் கட்டைவிரலை வைத்தார்கள். பொருந்தவில்லை என்று வந்தது. மறுபடி வைத்தார்கள். அதே பதில். காலமெல்லாம் ஸ்டியரிங்கும் கயிறும் பிடித்த விரல், இப்போது நோயால் தோல் உரிந்து வழவழவென்று ஆகியிருந்தது. இந்த நாடு அவரைப் பிறந்ததிலிருந்து அறியும், ஆனால் அந்தக் கருவி அவரை அறியவில்லை. கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் எழுந்து வெளியே வந்தார். ஈரத் துணியால் அவர் விரலைத் துடைத்து, தன் கையால் பிடித்து மெதுவாக அழுத்தினார். கருவி பச்சை காட்டியது.

அவரிடம் அந்தப் பெண், சம்மதத்தோடுதான் கொடுக்கிறீர்களா என்று முறைப்படி கேட்டார். இவர் ஆமாம் என்றார். அதோடு நிறுத்தாமல், இவள்தான் ரிப்பேர் செய்தாள் என்றும் மலாயில் சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னைப் பற்றி இன்னொருவரிடம் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை. அந்த மழைக்காலம் முடியும் முன்பு, மையத்திலேயே, சிகிச்சையின் நடுவில் இதயம் நின்றுவிட்டது. நான் கீழே காரில் காத்திருந்தேன். தாதி ஒருத்தி படியிறங்கி என்னை நோக்கி வருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கதவைத் திறக்காமல் எவ்வளவு நேரம் இருக்க முடியுமோ அவ்வளவு நேரம் இருந்தேன்.

8

என் அனுமதிக்கு இப்போது திவ்யா பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். அலுவலகத்தில் லீவு கேட்டு வருகிறாள், வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அப்பாவின் எண்ணை இன்னும் அவள் அழிக்கவில்லை என்பதை அந்த வரிசையில்தான் பார்த்தேன்.

அவர் போன பிறகு கொஞ்ச காலம் காரை எடுக்கவே இல்லை. பேட்டரி இறங்கிவிட்டது. அப்போது மையத்திலிருந்து அந்தத் தாதி கூப்பிட்டாள். காப்பார் பக்கம் ஒரு மலாய் அம்மா இருக்கிறார், மகன் வேலைக்குப் போய்விடுவதால் வர வழியில்லை, இரண்டு தடவை சிகிச்சையைத் தவறவிட்டுவிட்டார், உங்களால் முடியுமா என்றாள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டேன்.

மக்சிக் ரொகையா என்று பெயர், ரொகையா அத்தை. முதல் நாள் முன் இருக்கையில் சிரமப்பட்டு ஏறி உட்கார்ந்து, இருக்கை யாருக்கோ பழகியதுபோல் சாய்ந்திருப்பதைப் பார்த்து, இது உன் புருஷன் காரா என்று கேட்டார்.

“சாயா புன்யா,” என்றேன். என்னுடையது.

நல்லது என்று சொல்லிவிட்டு அவர் கதவில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். சாலையில் லோரிகள் கூடிக்கொண்டிருந்தன. குலுக்கினால் அவர் எழுந்துவிடுவார் என்று இடது ஓரமாகவே மெதுவாக ஓட்டினேன்.